கிழிக்காத 23 தாள்: பண்டிகை ஓட்டம் முடிந்ததும் தேங்கிய வேலையை இறக்கும் வழி

டிசம்பர் 4, வியாழக்கிழமை காலையில் எங்கள் வீட்டு தினசரி காலண்டர் நவம்பர் 11 என்று காட்டியது. அன்று ராத்திரிதான் நான் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் போனேன். திரும்பி வந்தும் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம், ஒருவர் கையும் அந்தத் தாளுக்குப் போகவில்லை.

கோவில்பட்டியில் வீட்டு முன்னறைதான் எனக்குத் தையல்கடை. இரண்டு மிஷின், ஒரு ஓவர்லாக், ஒரு வெட்டுமேசை. புரட்டாசி பிறந்தால் கார்த்திகை தீபம் வரை ஓட்டம்தான். 2025-இல் அக்டோபர் 1 சரஸ்வதி பூஜை, 20 தீபாவளி. பூஜைக்கு மிஷினைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து ஒரு நாள் சும்மா விட்டதோடு சரி, அப்புறம் 18 நாளும் ராத்திரி ஒரு மணி, இரண்டு மணி. 27-ஆம் தேதி திருச்செந்தூரில் சூரசம்ஹாரம். அதற்குள் ஐப்பசி முகூர்த்தங்கள் தொடங்கிவிட்டன. நவம்பரில் தாம்பரத்தில் அக்கா மகளுக்கு வளைகாப்பு. வந்த கையோடு எட்டயபுரம் பக்கம் ஊரில் மாமனாரின் மக்காச்சோளத்துக்குக் களையெடுப்பு. டிசம்பர் 3 தீபம். இதற்கு நடுவில் மழை, மகளுக்குக் காய்ச்சல், கரண்ட் போவது வருவது.

தீபத்துக்கும் பொங்கல் துணிக்கும் நடுவில் ஒரு சின்னச் சந்து கிடைக்கும். டிசம்பர் 16 மார்கழி பிறந்துவிட்டால் கல்யாணம், காதுகுத்து எதுவும் கிடையாது. மார்கழி பாதியில் பொங்கல் துணி வாசலுக்கு வந்துவிடும். ஆக, கையில் இருப்பது இரண்டு வாரம். அதற்குள் மூன்று மாதப் பாக்கியை எப்படி இறக்கினேன் என்று சொல்கிறேன். உங்கள் தொழில் வேறாக இருக்கலாம். பாக்கி சேரும் விதம் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதல் நாள் மிஷினைத் தொடாதீர்கள். கை பரபரக்கும். எனக்கும் பரபரத்தது. போன வருஷம் அந்தப் பரபரப்பில் உட்கார்ந்து, மேலாக இருந்த ஒரு சுடிதாரை இரண்டு மணி நேரம் தைத்தேன். அந்தப் பெண் அதைக் கேட்டு வந்தது மாசி மாதம். அதே நாளில் எனக்குத் தெரியாமல் அடியில் கிடந்த ஜாக்கெட் ஒன்று, மறுநாள் நிச்சயதார்த்தத்துக்குப் போக வேண்டியதாக இருந்தது.

எனவே இந்த முறை தாள்களைக் கிழித்தேன். நவம்பர் 11 முதல் டிசம்பர் 3 வரை 23 தாள். பின்பக்கம் வெள்ளை. ஒரு தாளுக்கு ஒரு பாக்கி என்று எழுத ஆரம்பித்தேன். இப்படி எழுதுவதில் ஒரு வசதி, தாள் தீர்ந்தால் எழுதுவதும் தீர்ந்தது. நோட்டில் எழுதினால் பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டே இருக்கும், பார்க்கவே மலைப்பாக இருக்கும். 23-க்கு மேல் நினைவுக்கு வருவது பெரும்பாலும் செய்ய வேண்டிய வேலையாக இருக்காது, செய்திருக்கலாமே என்ற ஆசையாகத்தான் இருக்கும்.

எழுதி முடித்ததும் தாள்களைத் தரையில் மூன்று வரிசையாகப் பரப்பினேன். ஒருவரிடம் வாய் திறந்து பேச வேண்டியது ஒரு வரிசை. கையால் செய்ய வேண்டியது ஒரு வரிசை. விட்டுவிட வேண்டியது ஒரு வரிசை. ஒன்பது, எட்டு, ஆறு என்று வந்தது. நான் நினைத்ததற்கு நேர்மாறு. கைவேலைதான் கழுத்தை நெரிக்கிறது என்று இருந்தேன். பார்த்தால் பேசாமல் விட்டதுதான் அதிகம். இது எனக்கு ஒவ்வொரு வருஷமும் நடக்கிறது, ஒவ்வொரு வருஷமும் மறந்துவிடுகிறேன்.

விட வேண்டிய ஆறை முதலில் முடித்துவிடுங்கள், அதற்கு ஐந்து நிமிஷம் போதும். பரண் சுத்தம் செய்வது, தீபாவளிக்கு எனக்கென்று எடுத்த துணியைத் தைப்பது (தையல்காரி வீட்டில் தையல்காரிக்குத்தான் கடைசி, இது ஊர் அறிந்தது), பாதியில் நின்ற ஆரி எம்ப்ராய்டரி வகுப்பு, இப்படி. ஆரி வகுப்புக்கு முன்பணம் 2,000 கட்டியிருந்தேன். இரண்டே வகுப்புதான் போனது. அதை விட மனசு வரவில்லை, பணம் போச்சே என்று. ஆனால் போன பணத்துக்காகப் போகாத வகுப்பைத் தலையில் சுமப்பானேன்? தாளை இரண்டாகக் கிழித்து அடுப்படியில் போட்டேன்.

பேச வேண்டிய தாள்கள்

கடை மூட்டைகளை எல்லாம் பாயில் கொட்டி எண்ணினேன். 37. அதில் ஆல்ட்ரேஷன் 14, இன்னும் வெட்டாத ஜாக்கெட் 11, ஃபால்ஸ் வைக்க வேண்டிய சேலை 6, சுடிதார் 3, பள்ளிக்கூடப் பாவாடை 2. பாக்கி ஒன்றில் சீட்டே இல்லை, யாருடையது என்று தெரியவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வெட்டாத 11 பேருக்கும் போன் போட்டேன். வாட்ஸப்பில் எழுதிவிடலாம் என்று தோன்றும், வேண்டாம். எழுத்தில் போட்டால் அவர்கள் படித்துவிட்டுச் சும்மா இருப்பார்கள், நீங்கள் அவர்கள் கோபமாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் ஒரு வாரம் ஒளிவீர்கள். குரலில் பேசினால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். பெண்களிடம் பேச நல்ல நேரம் காலை 11 மணி, சமையல் முடிந்திருக்கும். அல்லது மூன்று மணிக்கு மேல், பிள்ளைகள் வருவதற்குள். சீரியல் நேரத்தில் போட்டால் நல்ல சேதியும் கெட்ட சேதியாகிவிடும்.

என்ன பேசுவது? காரணம் சொல்லாதீர்கள். தையல்காரி சொல்லும் காரணத்தை இந்த உலகத்தில் யாரும் நம்பியதில்லை. நான் சொன்னது இவ்வளவுதான்: “அக்கா, உங்க துணியை இன்னும் வெட்டவே இல்ல. எப்ப கட்டணும் அந்தச் சேலைய? வர்ற புதன்கிழமை சாயந்தரம் அஞ்சு மணிக்குத் தர்றேன். அதுக்கு முந்தியே வேணும்னா துணிய இப்பவே கொடுத்து விட்டுர்றேன், நீங்க வேற இடத்துல குடுத்துக்கலாம்.”

கடைசி வரிதான் முக்கியம். துணியைத் திருப்பித் தருகிறேன் என்று நாமே சொன்னால் அவர்கள் கோபம் பாதி இறங்கிவிடும். பதினோரு பேரில் ஒருவர்தான் துணியைத் திரும்பக் கேட்டார். மூன்று பேர் பொங்கலுக்குப் போதும் என்றார்கள். ஒரு பெரியம்மா, “அய்ய, அதைக் கொடுத்ததையே மறந்துட்டேன் தாயி, மெதுவா தை” என்றார். அந்தப் பெரியம்மாவை நினைத்துத்தான் மூன்று வாரமாகக் கடைவீதியில் வேறு தெரு வழியாகச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன்.

அரை மணி நேரம் பேசியதில் 11 என்பது 6 ஆனது. தைத்திருந்தால் இந்த ஐந்துக்கும் இரண்டு நாள் போயிருக்கும்.

நாள் சொல்லும்போது கிழமையும் மணியும் சொல்லுங்கள். “நாளைக்கு” என்ற சொல்லைத் தையல்காரர்கள் ஒரு வருஷம் வாயிலெடுக்கக் கூடாது என்று அரசாணை போட்டால் நான் ஆதரிப்பேன். உங்களுக்குத் தோன்றும் நாளோடு ஒரு நாள் கூட்டிச் சொல்லுங்கள். செவ்வாய் முடியும் என்றால் புதன் சொல்லுங்கள். நான் புதன் சொல்லிச் செவ்வாயே முடித்த இரண்டை அன்றே மகளிடம் கொடுத்தனுப்பினேன், அவர்கள் வீட்டில் நம்பவே இல்லை.

இனி சொந்தபந்தம். ஒரே நாளில் மூன்று கல்யாணம் விழுந்த ஐப்பசி முகூர்த்தத்தில் ஒன்றுக்குத்தான் போக முடிந்தது. மற்ற இரண்டு வீட்டுக்கும் போக வேண்டும். அதோடு மாமியார் ஊரில் எங்கள் கொல்லைக்குப் பக்கத்துக் கொல்லைத் தாத்தா தவறிவிட்டார், நான் தாம்பரத்தில் இருந்தபோது. பதினாறாம் நாளும் முடிந்துபோனது.

இதில் எதை முதலில் செய்வது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. துக்கம் விசாரிப்பது முதலில். கல்யாண வீட்டுக்குப் பத்து நாள் கழித்துப் போனாலும் சிரித்துக்கொண்டு காப்பி தருவார்கள். துக்க வீட்டில் யார் வரவில்லை என்பதுதான் நெஞ்சில் நிற்கும். இரண்டையும் ஒரே நாளில் சேர்க்காதீர்கள். துக்க வீட்டிலிருந்து நேராக நல்லது நடந்த வீட்டுக்குள் நுழைவதை எங்கள் பக்கம் யாரும் விரும்ப மாட்டார்கள், பஸ் செலவு மிச்சம் என்று நாமாகச் சேர்த்துக்கொள்ளக் கூடாது.

பிந்திப் போவது எப்படி என்று யாரும் சொல்லித் தருவதில்லை. நான் போனது வெள்ளி மதியம். ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். ஏன் அன்றைக்கு வரவில்லை என்று விளக்கப் போனால் அது நம்மைப் பற்றிய பேச்சாகிவிடும். “நான் வரல ஆச்சி, இப்பத்தான் வர்றேன்” என்று மட்டும் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரே ஆரம்பித்தார், முந்தின நாள் ராத்திரி தாத்தா என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்குத் தண்ணீர் கேட்டார் என்று. காரியம் முடிந்து வீடு காலியான பிறகு அதைக் கேட்க ஆள் வருவதில்லை போலிருக்கிறது. நானும் கொஞ்சம் உளுந்து புடைத்தேன். ஒன்றரை மணி நேரம். திரும்பும்போது அந்தத் தாளைக் கிழிக்காமல் பையில் வைத்துக்கொண்டேன், ஏனென்று தெரியவில்லை.

கல்யாண வீடுகள் இரண்டையும் ஞாயிற்றுக்கிழமை முடித்தோம், மார்கழிக்கு முன்னால். போவதற்கு முன் மொய் நோட்டைப் பாருங்கள். நம் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்து, அதற்குக் குறையாமல் செய்ய வேண்டும். எங்கள் வீடு பால்காய்ச்சிய அன்று ஒருவர் 501, இன்னொருவர் ஒரு எவர்சில்வர் குடம். குடத்துக்கு இன்றைக்கு என்ன விலை என்று பாத்திரக் கடையில் கேட்டுவிட்டுத்தான் கவரில் பணம் வைத்தேன். போய் வந்த அன்றே நோட்டில் எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு என் வீட்டுக்காரர் செய்த செய்முறை எல்லாம் அவர் சட்டைப் பையிலும் பத்திரிகைகளின் பின்புறத்திலும் கிடந்தது. தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர், வீட்டுக் கணக்கை மட்டும் சட்டைப் பையில் எழுதுவார்.

அப்புறம் டப்பாக்கள். தீபாவளிப் பலகாரம் வந்த எவர்சில்வர் டப்பாக்கள் ஐந்து அடுக்களையில் நின்றன. காலி டப்பாவைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது, அதனால்தான் அவை நிற்கின்றன. ஏதாவது செய்து போட்டுத் தரலாம் என்று நினைப்போம், செய்ய மாட்டோம். தீபத்தன்று ஓலைக்கொழுக்கட்டை அவிக்கும்போதே இரண்டு ஈடு கூட அவித்திருந்தேன், மூன்று டப்பாவுக்கு அது போனது. மற்ற இரண்டுக்குக் கடலைமிட்டாய். எங்கள் ஊர் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடே கிடைத்தாயிற்று, ஒரு டப்பாவை நிரப்பித் தர அதற்குத் தகுதி இல்லையா? கூடவே திருச்செந்தூர் பன்னீர் இலை விபூதியும் வைத்தேன். ஒன்றரை மாதமாகப் பையிலேயே கிடந்தது அது. கோயிலுக்குப் போய் வந்தவள் பிரசாதம் தரவில்லை என்று இரண்டு வீட்டில் ஏற்கெனவே பேச்சு.

கையால் செய்ய வேண்டியவை

இரண்டாம் நாள்தான் மிஷின் பக்கம் போனேன். அதிலும் முதலில் தைக்கவில்லை. தீபாவளி ஓட்டத்தில் பாபின் பெட்டியைச் சுற்றிப் பஞ்சும் நூலும் பாய் போலப் படிந்திருந்தது. பல்தட்டைக் கழற்றிப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தள்ளி எடுத்தேன். துவாரங்களில் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விட்டு, பாதத்துக்கு அடியில் ஒரு வெட்டுத்துணியை மடித்து வைத்து ராத்திரி அப்படியே விட்டுவிட வேண்டும். காலையில் அதே துணியில் பத்து வரி வெறுமனே ஓட்டிப் பாருங்கள். எண்ணெய்க்கறை வருவது நின்ற பிறகுதான் பட்டைத் தொடலாம். ஊசியையும் மாற்றுங்கள். முனை மழுங்கிய ஊசியால்தான் பட்டு இழுபடும், நாம் துணியைக் குறை சொல்வோம். மெல்லிய பட்டுக்கு 11-ஆம் நம்பர், சாதாரணக் காட்டனுக்கு 14.

அன்று ராத்திரி இன்னொரு வேலை, ஆறு ஜாக்கெட்டுக்கும் லைனிங் துணியை வாளித் தண்ணீரில் ஊறப்போடுவது. காட்டன் லைனிங்கை நனைக்காமல் வெட்டினால் முதல் துவைப்பிலேயே அது சுருங்கி மேல்துணி உப்பிக்கொள்ளும். மழைக்காலத்தில் காய ஒன்றரை நாள் ஆகிறது, அதனால்தான் தைக்கத் தொடங்கும் முன்பே ஊறப்போடச் சொல்கிறேன். முழுக்கக் காயும்வரை காத்திருக்கவும் வேண்டாம், லேசான ஈரத்தில் இஸ்திரி போட்டால் மடிப்பும் போகும். நிறம் போகிற லைனிங்கைத் தனி வாளியில் போடுங்கள். மெரூனையும் சந்தனத்தையும் ஒன்றாகப் போட்டு ஒருமுறை இரண்டையும் ரோஸாக எடுத்திருக்கிறேன்.

லைனிங் காயும் நேரத்தில் ஆல்ட்ரேஷன் 14. பலர் இதைக் கடைசியில் வைப்பார்கள், காசு குறைவு என்று. நான் முதலில் வைப்பேன். ஒன்றுக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம்தான். ஆனால் அந்த 14 பேரும் தைத்துப் போட்டுப் பார்த்து, இறுக்கிப் பிடிக்கிறது, தொளதொள என்கிறது என்று மனக்குறையோடு திருப்பிக் கொடுத்தவர்கள். புதுத் துணி கொடுத்தவருக்காவது நம் மேல் இன்னும் நம்பிக்கை இருக்கிறது. இறுக்கிப் பிடிக்கும் ஜாக்கெட் சுலபம், பக்கத்தில் இரண்டு மூன்று வரி தையல் போட்டு உள்ளே துணி விட்டிருப்போம், உள்வரித் தையலைப் பிரித்தால் போதும். தோள் இறங்குவதுதான் வம்பு, கையைக் கழற்றிப் பிடிக்க வேண்டும். அந்த மாதிரி மூன்றை ஒதுக்கி வைத்துவிட்டு மற்ற 11-ஐயும் மதியத்துக்குள் முடித்தேன். சாயந்தரம் ஏழு பேர் வந்து வாங்கிப் போனார்கள். முன்னறையில் தரை தெரிந்தது. அந்தத் தரையைப் பார்ப்பதற்காகவே சின்ன வேலையை முதலில் செய்யலாம்.

வெட்டுவதை ஒரே மூச்சில் வெட்டுங்கள். ஒன்றை வெட்டித் தைத்து முடித்து அடுத்ததை எடுப்பது நேரத்தைத் தின்னும். ஆறு ஜாக்கெட்டையும் ஒரு காலையில் வெட்டி, ஒவ்வொன்றையும் அதன் அளவு ஜாக்கெட்டோடு சேர்த்துச் சுருட்டினேன். பிறகு நூல் நிறத்தைப் பார்த்து அடுக்கினேன். பச்சை இரண்டு, மெரூன் இரண்டு, நீலம், தங்க மஞ்சள். நூல் மாற்றுவது நான்கே முறை. பச்சை மாட்டினால் பச்சை ஃபால்ஸ் சேலையும் அப்போதே. கொக்கி, வளையம் கட்டுவதை எல்லாம் ராத்திரிக்கு ஒதுக்கிவிட்டேன். மகள் அரையாண்டுப் பரீட்சைக்குப் படிக்க, நான் எதிரே உட்கார்ந்து கொக்கி கட்டினேன். அவள் பத்தாம் வகுப்பு. வழக்கமாகக் கொக்கி அவள் வேலை, இந்த இரண்டு வாரம் கேட்கவில்லை. அவளாகவே கை நீட்டியபோதும் புத்தகத்தைக் காட்டினேன்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் மிஷினில் உட்காரவில்லை. தீபாவளிக்கு இரண்டு மணி வரை உட்கார்ந்ததன் பலன் இன்னும் என் இடது தோளில் இருக்கிறது, பல தவறுகளும் அந்த நேரத்தில் நடந்தவைதான். அதில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு, ஒரு மூட்டையின் அளவு ஜாக்கெட் இன்னொன்றில் கலந்துவிட்டது. 38 அளவுக்காரருக்கு 34-இல் தைத்துவிட்டேன். பட்டுத் துணி, சேலையோடு வந்த துண்டு, மறுபடி வாங்க முடியாது. அதே நிறத்தில் வேறு துணி எடுத்துப் பக்கங்களில் பட்டை கொடுத்து ஒப்பேற்றினேன், கூலி வாங்கவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. அதிலிருந்து சீட்டு எண்ணை இரண்டு இடத்தில் குத்துகிறேன். துணியில் ஒன்று, அளவு ஜாக்கெட்டில் ஒன்று. பின்னூசி டப்பா ஒன்றுக்குத்தான் செலவு.

ஊர் போய் வந்த பைகளைப் பற்றிச் சுருக்கமாக. திறந்த அன்றே எல்லாவற்றையும் வெளியில் எடுத்துவிடுங்கள், பாதி எடுத்தால் மீதி பொங்கல் வரை உள்ளேதான். திருச்செந்தூரில் கடலாடிய துணியை நாழிக்கிணற்றில் குளித்த தண்ணீரோடு அப்படியே சுருட்டி வந்திருந்தேன். வீட்டில் ஒருமுறை துவைத்துக் காயப்போட்டதாகத்தான் நினைவு, ஆனால் பையின் அடியில் ஒரு பாவாடை உப்புப் பூத்து மொரமொரவென்று கிடந்தது. நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசினால் சரியாகிவிடும். வளைகாப்புக்குக் கட்டிய பட்டை நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடித்து, பருத்தித் துணியில் சுற்றி வைத்தேன். பூச்சிக்கு வசம்பு. அந்துருண்டையைச் சரிகை மேல் படும்படி போடாதீர்கள், கறுத்துவிடும்.

வளைகாப்புப் படங்கள் போனில் அறுநூறுக்கு மேல் இருந்தன. அத்தனையும் தரம் பிரிக்க உட்கார்ந்தால் நான் போய்ச் சேர்ந்துவிடுவேன். பன்னிரண்டு எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். அதில் ஒன்று, அந்தப் பிள்ளை இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையலோடு கலந்த சாதத் தட்டைப் பிடித்துக்கொண்டு கொட்டாவி விடுவது. அதைத்தான் அக்கா பிரேம் போடச் சொல்லியிருக்கிறாள்.

பாக்கியை இறக்கும்போதே அடுத்து வருவது ஒன்றுக்கு மட்டும் முன்கூட்டி ஏற்பாடு செய்துவிடுங்கள். எனக்கு அது ரயில். ஜனவரிக் கடைசியில் பிரசவம் என்று சொல்லியிருக்கிறார்கள், குழந்தை பார்க்கப் போக வேண்டும். முன்பு 120 நாளுக்கு முன்னால் பதியலாம். 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். அந்தக் கணக்கில் டிசம்பர் தொடக்கத்திலேயே பிப்ரவரி தொடக்கத்துக்கு டிக்கெட் திறந்துவிடுகிறது. எடுத்துவிட்டேன், கீழ்ப் படுக்கை. நவம்பரில் திரும்பும்போது காத்திருப்போர் பட்டியலிலேயே நின்றுபோய், ராத்திரி பஸ்ஸில் மழையில் ஒழுகும் ஜன்னலோரத்தில் வந்தவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

பணத்துக்கு ஒரு நாள் தனியாக ஒதுக்குங்கள், வேறு வேலையோடு கலக்காதீர்கள். பழைய பத்திரிகைக் கவர்கள்தான் வீட்டில் கொட்டிக் கிடக்குமே. லைனிங் கடைப் பாக்கி ஒரு கவர், மகளிர் குழுத் தவணை ஒரு கவர், கரண்ட் பில் ஒரு கவர், ஊரில் களையெடுத்தவர்களின் கூலியில் நின்றது ஒரு கவர். இதில் கூலிதான் முதலில் போக வேண்டும். கடைக்காரர் பொங்கல் சரக்குக்கு எப்படியும் நம்மைத் தேடுவார், அவரிடம் ஒரு வாரம் கேட்கலாம். கரிசல் காட்டில் ஈரத்தில் நின்று களை பிடுங்கியவரிடம் கேட்கக் கூடாது. எனக்கு வர வேண்டியதையும் அன்றே எழுதினேன். துணியை வாங்கிப் போய்ப் பிறகு தருகிறேன் என்றவர்கள் எட்டுப் பேர், 2,350 ரூபாய். ஆல்ட்ரேஷனுக்கு வந்தபோது நான்கு பேரிடம் கேட்டு வாங்கியாயிற்று. குறையைச் சரிசெய்து கொடுத்த கையோடு கேட்டால் முகம் சுளிக்காமல் தருகிறார்கள்.

டிசம்பர் 15 ராத்திரி எண்ணியபோது 37-இல் 6 மூட்டை நின்றது. பொங்கலுக்குப் போதும் என்றவர்களின் மூன்று, அந்தப் பெரியம்மாவுடையது, தோள் இறங்கும் ஜாக்கெட்களில் ஒன்று. தாள்களில் இரண்டு கிழியவில்லை. ஒன்று கரண்ட் ஆபீஸ் சம்பந்தப்பட்டது, அதற்குப் பல்லவி பாடி இடத்தை அடைக்க வேண்டாம்.

ஆறாவது மூட்டை, சீட்டில்லாதது. எலுமிச்சைப் பச்சையில் மெரூன் கரை போட்ட துண்டு, கூடவே அளவு ஜாக்கெட் ஒன்று, கழுத்து பானை வடிவம், முதுகில் கயிறு கட்டிக் குஞ்சம் வைத்தது. குஞ்சத்தைப் பார்த்தால் என் கையில்லை, வேறு யாரோ தைத்தது. அக்டோபர் 10-லிருந்து 15-க்குள் வந்திருக்க வேண்டும், அந்த நாட்களின் மூட்டைகளுக்கு நடுவில்தான் கிடந்தது. கரையை மட்டும் படம் எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டேன். முழுத் துணியையும் போடாதீர்கள், ஆசைப்பட்டு இரண்டு பேர் சொந்தம் கொண்டாடுவார்கள். மூன்று பேர் கேட்டார்கள். முதுகில் என்ன இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்டதும் மூன்று பேரும் போனை வைத்துவிட்டார்கள். லைனிங் நனைத்துக் காயவைத்து, வெட்டாமல் மேசை மேல் வைத்திருக்கிறேன். குஞ்சத்தில் ஐந்து முத்தா ஏழு முத்தா என்று சரியாகச் சொல்கிறவர் வந்தால், வியாழக்கிழமை சாயந்தரம் ஐந்து மணிக்குத் தைத்துத் தந்துவிடுவேன்.